பக்கவாட்டு வெளிச்சம்

மேல வேணாம் தம்பி. கம்பியில வச்சா உருண்டுரும். மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல, ஒரு தலைதான். அட, அப்படிப் பாக்காதீங்க, பொம்மைத் தலை! தலையும் தோளும் மட்டும் இருக்குற சிலை. உள்ளங்கை ஒசரம். அந்தக் காலத்துப் பாளையக்காரர் படையில பீரங்கிக்குத் தீ வைக்கிறவன் ஒருத்தன். பேரெல்லாம் கெடையாது. ரெசின்னு பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு, அதுல வெறுமன வரும், பெயின்ட் அடிச்சு அதுக்கு உசுரு குடுக்குறது நம்ம வேல. டப்பாவுக்குள்ள பஞ்சு வச்சு உக்கார வச்சிருக்கேன். இவன் மூக்கு எதுலயும் இடிக்காமக் கொண்டுபோய்ச் சேத்தாகணும்.

நீங்க சிவகாசி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான், மச்சினன் வீட்டுக்கு. பொண்டாட்டி அங்க போய் உக்காந்திருக்கா. கூட்டிட்டு வரப் போறேன். வருவாளான்னு தெரியல. இந்த வயசுல பொண்டாட்டிய அழைக்க மச்சினன் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாருங்க. கருமம்.

எனக்குக் கோவம்கூட இல்ல தம்பி. அருவருப்பு. இந்தப் பளபளப்ப எவன் கண்டுபிடிச்சான்னு தெரியல, எதப் பாத்தாலும் பளபளன்னு இருக்கணும் எல்லாருக்கும். வண்டி பளபளன்னு இருக்கணும், தக்காளி பளபளன்னு இருக்கணும், மூஞ்சி பளபளன்னு இருக்கணும். கல்யாண ஆல்பத்தப் பாத்திருக்கீங்களா இப்ப? மாப்பிள்ளையோட தாத்தா கன்னத்துல ஒரு சுருக்கம் இருக்காது. மெழுகு ஊத்தி வச்ச மாதிரி இருப்பாரு. எனக்கு அதப் பாத்தாலே கொமட்டிக்கிட்டு வருது. நெசமாவே வருது, பேச்சுக்குச் சொல்லல.

என் பேரு காசிராஜன். இன்சூரன்ஸ் சர்வேயரா இருந்தேன். வண்டி இடிச்சுக்கிட்டா க்ளெய்ம் கேப்பாங்கல்ல, அப்ப வந்து நெளிவு கீறல் எல்லாம் பாத்து எழுதிக்கிட்டுப் போற ஆளு. அந்த வேலையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். நேரா வெளிச்சம் அடிச்சா நெளிவு தெரியாது. ஷெட்டுக்காரன் வண்டியக் கழுவி வாக்ஸ் போட்டு நிறுத்தியிருப்பான், ஒண்ணுமே நடக்காத மாதிரி மினுங்கும். நான் டார்ச்ச கதவோட ஒட்டிப் பிடிச்சு பக்கவாட்டுல அடிப்பேன். அம்புட்டுத்தான். பழைய பட்டி, புது ஒட்டு, சுத்தியல் பட்ட எடம், எல்லாம் எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லும். காசிராஜன் வந்தா மறைக்க முடியாதுன்னு மதுரையில ஷெட்டு ஷெட்டாச் சொல்லுவாங்க.

ரிட்டயர் ஆனப்புறம்தான் இந்தப் பொம்மை. சிரிக்காதீங்க, இதுக்கு உலகம் பூரா ஆளு இருக்காங்க. ராஜாக்கள், சிப்பாய்கள், குதிரைக்காரங்க. சும்மா கலர் அடிக்கிறது இல்ல தம்பி. தோலுன்னா தோலாத் தெரியணும். இடுப்பு வார் தோல் வேற, செருப்புத் தோல் வேற, மனுசத் தோல் வேற. அதுலயும் வெயில்ல நின்னவன் தோல் வேற, நெழல்ல உக்காந்தவன் தோல் வேற. எல்லாம் ஒரே பெயின்ட்தான், எல்லாம் ஒரே வழவழ ரெசின் மேலதான். ஆனா பாக்குறவன் கை தன்னால நீளணும், தொட்டுப் பாக்கலாமான்னு. அதுக்குப் பேருதான் டெக்ஸ்ச்சர். இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுவாங்கன்னு தெரியல. என் வீட்ல, "சொரசொரப்பு"ம்பா. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

மதுரையிலயும் இதுக்கு ஒரு க்ளப் இருக்கு. அதுல பெரிய ஆளு யாருன்னா டாக்டர் நவநீதன். பல் டாக்டர். அவருக்கு எல்லாமே பல்லு மாதிரி இருக்கணும். போன தடவ ஒரு குதிரைக்காரன் பண்ணிக் கொண்டாந்தாரு. குதிரையப் பாத்தா மிட்டாய் தம்பி! சப்பிச் சாப்பிடலாம். நாலு ஊரு தாண்டிப் புழுதியில ஓடி வந்த குதிர, அதுக்கு எங்கயாவது வாயில நுரை இருக்கா, வயித்துல சேறு இருக்கா? மேல உக்காந்திருக்கவன் கன்னம் பிறந்த கொழந்தைக்கு இருக்குற கன்னம். மேல ரெண்டு கோட்டு வார்னிஷ். எல்லாரும் சுத்தி நின்னு ஆகா ஓகோங்குறாங்க. எனக்கு அங்கயே நிக்க முடியல. வெளிய வந்து துப்பிட்டுத்தான் உள்ள போனேன். ச்சீ.

அன்னிக்கே முடிவு பண்ணேன். இந்தப் பல்லுக்காரனுக்கு ஒரு மூஞ்சி காட்டணும். நெசமான மூஞ்சி.

நீங்களே சொல்லுங்க, அந்தக் காலத்துல ஊருக்கு ஊரு அம்மை. அம்மை பாத்த மூஞ்சிதான பாதி இருந்திருக்கும்? தழும்பு இல்லாம எப்படி ஒரு படை நிக்கும்? ஆனா எந்தப் பொம்மையிலயாவது அம்மைத் தழும்பு பாத்திருக்கீங்களா? எவனும் பண்ண மாட்டான். ஒண்ணு, அசிங்கம்பான். ரெண்டாவது, கஷ்டம். செதுக்கக் கூடாது, பெயின்ட்லயே பள்ளம் காட்டணும். வெளிச்சம் மேல இருந்து வந்தா குழியோட மேல் ஓரம் இருட்டு, கீழ் ஓரம் வெளிச்சம். கடுகுல பாதி இருக்கும் ஒரு குழி. அதுக்குள்ள இருட்டு ஒரு பிறை, வெளிச்சம் ஒரு பிறை. ரெண்டுக்கும் நடுவுல செவப்பா நீலமான்னு சொல்ல முடியாத ஒரு நெறம். மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரு பிறை. விட்டுட்டு, திரும்ப ஒரு பிறை.

நெட்ல படம் பாத்தேன். எல்லாம் ஆஸ்பத்திரிப் படம். நேரா ஃப்ளாஷ் அடிச்சு எடுத்தது. ஒண்ணும் தெரியாது. மாவு பூசுன மாதிரி இருக்கு.

அப்பத்தான் தம்பி எனக்கு உறைச்சது. எங்கெங்கயோ தேடுறோமே, வீட்லயே இருக்கேன்னு.

என் வீட்டம்மா பேரு செல்வக்கனி. சின்ன வயசுல அம்மை வாத்தவ. அம்மை ஒழிஞ்சிருச்சுன்னு அறிவிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கடேசி கடேசியா வந்துட்டுப் போன அம்மை. வலது கன்னம் பரவால்ல. இடது கன்னம் பூரா. பொண்ணு பாக்கப் போனப்ப இடது கன்னத்த செவுத்துப் பக்கம் வச்சுக்கிட்டே நின்னா. எங்கம்மா திரும்பி வரும்போது பஸ்லயே வேணாம்னுட்டா. நான்தான் சரின்னேன். நகை கேக்கல, வண்டி கேக்கல. அன்னிலேந்து இன்னிக்கு வரைக்கும் அவ மூஞ்சியப் பத்தி நான் ஒரு வார்த்த பேசினதில்ல. ஒரு வார்த்த! யாரு இருப்பா அப்படி? நீங்க சொல்லுங்க. ஆனா அதுக்கெல்லாம் எவளும் நன்றி சொல்ல மாட்டா.

அவளுக்கு என்ன நெனப்புன்னா, எனக்கு எதுவும் தெரியாதுன்னு. போட்டோ எடுத்தா எனக்கு வலது பக்கமா வந்து என் தோளுக்குப் பின்னாடி இடது கன்னத்த ஒளிச்சுக்குவா. கல்யாண வீட்ல செவுத்தோரமாப் பாத்து உக்காருவா. பஸ்ல ஏறுனா இந்தப் பக்கத்து ஜன்னலோரம், நான் அவளுக்கு வலது பக்கம். காலையில நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பவுடர் போட்டுருவா. அந்தப் பவுடரு இருக்கே, அது எனக்கு எப்பவுமே ஆகாது. குழியில போய்த் தங்கிக்கும். மேட்டுல நிக்காது. வேர்த்துச்சுன்னா கன்னம் பூரா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. மறைக்கப் போட்டது எல்லாத்தையும் எடுத்துக் காட்டும். நான் ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா ஒண்ணு, அந்தப் பவுடரப் பாத்துத்தான் எனக்கு இந்த டெக்னிக்கே புரிஞ்சுச்சு. அவ வெள்ளைய விடுற எடத்துல நான் கருப்ப விட்டேன். அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கெழம. எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு, சாப்ட்டுட்டு, ஹால்ல பாயப் போட்டுப் படுத்திருந்தா. குளிச்ச மூஞ்சி, பவுடர் இல்ல. நல்ல தூக்கம். மேற்கு ஜன்னல் வழியா சாயங்கால வெயில் தரையோட தரையா உள்ள வந்து, நேரா அந்தக் கன்னத்துல பக்கவாட்டுல விழுந்துச்சு.

தம்பி, நான் எத்தன வண்டி பாத்திருப்பேன், எத்தன கதவுல டார்ச் அடிச்சிருப்பேன். அந்த மாதிரி ஒரு காட்சிய நான் பாத்ததில்ல. ஒவ்வொரு குழியும் தனித்தனியா எந்திரிச்சு நிக்குது. ஒண்ணுக்கு ஓரம் கூர்மை, ஒண்ணுக்கு ஓரம் மழுங்கல். சிலது ஒண்ணுக்குள்ள ஒண்ணு. ஓரத்துல மட்டும் வெயில் தங்கத் தகடு ஒட்டுன மாதிரி. உக்காந்துட்டேன். எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. கல்யாணம் ஆன புதுசுலகூட நான் அவள அப்படிப் பாத்ததில்ல. அப்புறம் போய் கேமராவ எடுத்தேன். கிட்டத்துல எடுக்குற லென்ஸ் இருக்கு, வேலைக்கு வாங்குனது. மெதுவா எடுத்தேன். முழிக்கல.

கேட்டு எடுத்திருக்கணும்னு என் மக சொல்றா. ஒரே மக, கோயமுத்தூர்ல இருக்கா. கேட்டா குடுத்திருப்பாளா? கேட்டா எந்திரிச்சுப் போய் பவுடர் போட்டுட்டு வந்து உக்காந்திருப்பா.

ரெண்டு மாசம் வரஞ்சேன் தம்பி. இந்த மூஞ்சிய. தொறந்து காட்டட்டுமா? இருங்க, பஸ் நிக்கட்டும். அந்தா, கண்டக்டர் விசில் அடிக்கிறாரு. ம்... பாருங்க. கிட்டப் பாருங்க. தொடாதீங்க! பாத்தீங்களா, கை வந்துருச்சு பாத்தீங்களா! இது தட்டை. வழவழன்னு தட்டையா இருக்குற கன்னம். குழியெல்லாம் வெறும் பெயின்ட். மீசைக்குக் கீழ பாருங்க, வெயில்ல வெடிச்ச ஒதடு. தலப்பாத் துணியில நூல் நூலா நெசவு போட்டிருக்கேன். ஆனா எவனும் துணியப் பாக்க மாட்டான். கன்னத்தத்தான் பாப்பான்.

சரி, மூடிருவோம். தூசி.

அப்புறம் எக்ஸிபிஷன். ஒரு ஓட்டல் மாடியில சின்ன ஹால் பிடிச்சு வச்சிருந்தாங்க. எங்க க்ளப்புல ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக்குப் பக்கத்துல ஒரு அட்டை நிறுத்தணும். எதப் பாத்துச் செஞ்சோம்னு அதுல படம் ஒட்டணும். குதிர பண்ணா குதிரப் படம், கவசம் பண்ணா கவசம். நெசத்தப் பாத்துச் செஞ்சானா, மனசுல தோணுனத அடிச்சானான்னு ஜட்ஜ் ஒத்துப் பாப்பாங்க. நவநீதன் என்ன ஒட்டியிருந்தாருங்கிறீங்க? வேற எவனோ பண்ண பொம்மையோட படத்த! பொம்மையப் பாத்துப் பொம்மை. தூ.

நான் அந்தக் கன்னத்த பெருசா ப்ரிண்ட் போட்டு ஒட்டினேன். ஒரு முழ அகலம். கண்ணு இல்ல, வாயில்ல, பேரு போடல. வெறும் கன்னம். யாருக்குத் தெரியப் போவுது? ஒரு பரிசு வாங்கப் போறோம், சொந்தக்காரங்க பாக்கட்டும்னு மச்சினன் ஜெயமுருகனையும் அவன் பொண்டாட்டியையும் சிவகாசியிலேந்து வரச் சொன்னேன். கனியும் நல்ல சேல கட்டிக்கிட்டு அவங்ககூட வந்தா. இத்தனைக்கும் இந்தப் பொம்மை விஷயத்துல அவ ஒரு தடவ மொகம் சுளிச்சதில்ல. ப்ரஷ் கழுவுன தண்ணிய வாஷ்பேசின்ல ஊத்துனாக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டா.

அவங்க உள்ள வந்தப்ப என் மேசையச் சுத்திக் கூட்டம். எல்லாரும் பொம்மையப் பாக்குறான், படத்தப் பாக்குறான், பொம்மையப் பாக்குறான், படத்தப் பாக்குறான். நான் அப்படியே நிக்கிறேன். நவநீதன் வந்தாரு. பைக்குள்ளேந்து பேனாவ எடுத்து அந்தப் படத்துல ஒவ்வொரு குழியாக் குத்திக் குத்திக் காட்டி, "என்ன சார் இது, கண்ராவியா இருக்கு. எந்த ஆஸ்பத்திரியில புடிச்சீங்க இந்த மாடல?"ன்னாரு.

எனக்கு எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரியாம். நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்கு சார் போகணும், வீட்லயே இருக்கு"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே திரும்புறேன், பின்னாடி கனி நிக்கிறா. அவ பக்கத்துல மச்சினன் பொண்டாட்டி. அந்தப் பொம்பள படத்தப் பாக்குது, கனி மூஞ்சியப் பாக்குது. வாயில முந்தானைய வச்சுக்கிட்டு, "அண்ணி, இது..."ன்னுச்சு. அதோட நின்னிருந்தாக்கூடப் பரவால்ல. நவநீதனும் திரும்பிப் பாத்துட்டாரு. அவரு அதோட பேனாவ உள்ள வச்சுட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. பேசத் தெரிஞ்ச மனுசனா இருந்தா, "அம்மா, உங்களாலதான் இப்படி ஒரு வேல வந்திருக்கு"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அவருக்கு எங்க அந்த ரசனை?

எனக்குத்தான் முதல் பரிசு. மைக்ல கூப்புடுறாங்க. மேடையில நின்னு பாக்குறேன், நம்ம ஆளுங்க ஒருத்தரக்கூடக் காணும். சாப்பிடப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்தா ஹால்ல உக்காந்திருக்கா. வந்தவ சேலகூட மாத்தல. மூஞ்சி மட்டும் கழுவியிருந்தா. பரிசா வந்த ஷீல்ட நீட்டுறேன், வாங்கல.

"எப்பங்க பாத்தீங்க?"ன்னா.

"என்னத்த?"

"என் மூஞ்சிய."

"இது என்ன கேள்வி? தெனமும்தான் பாக்குறேன்"னேன்.

அப்புறம் சொல்றா. "பொறந்த வீட்ல பாத்தாங்க. பள்ளிக்கூடத்துல பாத்தாங்க. உங்கம்மா பாத்தாங்க. நீங்க ஒரு ஆளுதான் பாக்கலன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தாங்க இத்தன வருஷம் உங்ககூட நிம்மதியா இருந்தேன்."

இதுக்கு என்ன அர்த்தம் தம்பி? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காத புருஷனத்தான ஊர்ல திட்டுவாங்க? இவ என்னடான்னா பாத்துட்டேன்னு அழுவுறா. பாக்காம எப்படிக் குடும்பம் பண்றது? நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஏ கனி, அது அசிங்கம்னு நெனச்சா நான் ரெண்டு மாசம் உக்காந்து வரைவேனா, அதுக்குப் பரிசு குடுத்திருக்கான் பாரு, ஊர்ல எவனுக்கும் இந்த டெக்ஸ்ச்சர் கெடைக்காது, இது ஒன் பரிசுன்னேன். மனசாரச் சொன்னேன்.

"நான் என்ன உங்க க்ளெய்ம் வண்டியா?"ன்னு கேட்டா. எந்திரிச்சு உள்ள போய்க் கதவ மூடிக்கிட்டா. மறுநாள் காலையில பையத் தூக்கிக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிட்டா. சட்னி அரைச்சு வச்சுட்டுத்தான் போனா, அதையும் சொல்லணும்.

போன் பண்ணா எடுக்கல. மகளுக்குப் பண்ணா, "அப்பா, உங்களுக்கு என்ன சொல்லிப் புரிய வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல"ன்னுட்டு வச்சுட்டா. ஜெயமுருகனும் மொதல்ல எடுக்கல. அவன் பிழைப்பு என்ன தெரியுமா? காலண்டர் அடிக்கிறது. அவன் ஆபீஸ்ல போய்ப் பாருங்க, செவுறு பூரா சாமி. எல்லாச் சாமிக்கும் ஒரே கன்னம், ரோஸ் கலர்ல. முருகனுக்கும் அதே கன்னம், லட்சுமிக்கும் அதே கன்னம், மாரியாத்தாளுக்கும் அதே கன்னம். அம்மைக்கு ஆத்தா அவ! அவளுக்கே பவுடர் பூசி வச்சிருக்கான். அந்த ஆபீஸ்ல ஒரு டீ குடிச்சா எனக்குச் செரிக்காது.

முந்தாநேத்து அவனாப் பேசுனான். தணிஞ்ச கொரல்ல. "அத்தான், அக்கா சாப்பிட மாட்டேங்குது. யார்கிட்டயும் பேச மாட்டேங்குது. நேத்து அதுவா வந்து என்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. ஏ தம்பி, அது வேற யாரு மூஞ்சியாவது இருக்குமோ, நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டேனோன்னு. நான் சட்டுன்னு ஆமாக்கா, இருக்கும்னுட்டேன். நீங்க வாங்க அத்தான். வந்து, நெட்ல எடுத்த படம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வீட்லயே இருக்குன்னு சொன்னீங்களே, அது வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னதுன்னு சொல்லிருங்க. அது நம்பிரும். நம்பத்தான் காத்துக்கிட்டிருக்கு. வேற ஒண்ணும் வேணாம், அடுத்த பஸ்லயே உங்ககூடக் கெளம்பிரும்."

என்னப் பாத்துப் பொய் சொல்லச் சொல்றான் தம்பி. என் சர்வீஸ்ல ஒரு பொய் ரிப்போர்ட் எழுதினதில்ல. எத்தன பேரு கெஞ்சியிருக்கான், மிரட்டியிருக்கான். எழுதினதில்ல. கடேசியில சொந்தப் பொண்டாட்டிகிட்ட வாக்ஸ் போடச் சொல்றான் காலண்டர்க்காரன். போன வச்சுட்டு மூஞ்சியக் கழுவுனேன். அப்படி ஒரு அருவருப்பு.

ஆனா சரின்னுட்டேன். என்ன பண்றது? வீட்ல இருக்க முடியல. நான் சமைச்சுக்குவேன், துவைச்சுக்குவேன், அதுல ஒண்ணும் கொறை இல்ல. சாயங்காலம் அந்த மேற்கு ஜன்னல் வழியா வெயில் வந்து வெறுந்தரையில விழுது தம்பி. அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியல. அடுத்த பொம்மைய எடுத்து வச்சேன், கை ஓடல. எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்.

இவன எதுக்குத் தூக்கிட்டு வர்றேன்னு கேக்குறீங்களா? இவனும் ஒரு சாட்சி. கையில குடுத்து, பாரு, இவன் மீசைக்காரன், பீரங்கிக்காரன், இவனுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம்ல? சும்மா வாயால சொன்னா நம்புவாளா? ஒரு விஷயத்த இல்லன்னு சொன்னா, இல்லங்கிறதுக்கு ஆதாரம் காட்டணும். சர்வேயில அதான் முறை. வெறுமன இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா எவனும் ஒத்துக்க மாட்டான். வழி பூரா அதத்தான் மனசுல ஓட்டிக்கிட்டு வர்றேன்.

திருத்தங்கல் வந்துருச்சா அதுக்குள்ள? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. இன்னும் கொஞ்சந்தான.

இருங்க, போன். மச்சினனாத்தான் இருக்கும். இல்ல தம்பி, அவ! அவளே பண்றா! இத்தன நாள்ல மொதத் தடவ. இந்தாங்க, டப்பாவக் கொஞ்சம் பிடிங்க. சாய்க்காம. ஆ, அப்படி.

கனி! சொல்லும்மா... ஆமா, பஸ்லதான் வர்றேன். பக்கத்துல வந்துட்டேன்... சாப்ட்டியா?... நான் சாப்ட்டேன்... ம்... ம்... அதுவா? ஜெயமுருகன் சொன்னானா?... ஆமா, ஆமாம்மா. அது நெட்ல எடுத்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதத்தான் அப்படிச் சொன்னேன்... சத்தியமா... இல்ல, உன்னோடது இல்ல... யாரோ, யாருன்னு எனக்கு எப்படித் தெரியும், எந்த ஊரோ... அழுவாத. அட, எதுக்கும்மா அழுவுற?... நான் பாத்ததே இல்ல கனி. உன் மூஞ்சிய நான் அப்படியெல்லாம் பாத்ததே இல்ல... நெசமா... சரி, சரி. பையெல்லாம் எடுத்து வச்சிட்டியா? நல்லது.

நம்பிட்டா தம்பி! சிரிக்கிறா!

சொல்லு கனி... அதான் சொல்றேன்ல, உனக்குச் சந்தேகமே வேணாம். நீயே யோசிச்சுப் பாரு. உன்னோடதுன்னா மூக்கு ஓரத்துல ரெண்டு குழி ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, எட்டு போட்ட மாதிரி? அந்தப் படத்துல அது எங்க இருக்கு? இல்லையே! காது மடலுக்குக் கீழ உனக்கு ஒண்ணு நீளவாக்குல இழுத்த மாதிரி இருக்கும், ஓரம் வெளுத்து. அதுவும் அதுல இல்ல. உன்னோடது இன்னும் ஆழம் கனி, அந்தப் படத்துல இருக்குறது மேலாப்புல. ரெண்டும் வேறன்னு பாத்த ஒடனே எவனும் சொல்லிருவான்... கனி?... ஹலோ? கேக்குதா? ஹலோ?

கட்டாயிருச்சு. டவர் போயிருச்சு போல. திரும்பப் போட்டாலும் போக மாட்டேங்குது.

உங்க போன்ல டவர் இருக்கா தம்பி, பாருங்க... எல்லாக் கோடும் நிக்குதா? எனக்கும் நிக்குது. அப்ப அவ பக்கந்தான் இல்லாமப் போயிருக்கும்.